கேட்டால் ஒன்று

முறிகண்டியில் பஸ் நிற்கிற பத்து நிமிடத்தில்
கச்சான்காரி அள்ளித் தருவது ஒரு சரை.
வேலையில்லாத ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்:
நாற்பத்தொன்று. அடுத்ததில் முப்பத்தாறு.
அவளில் பிழையில்லை. அள்ளுகிற கை அப்படித்தான்.

சரையைச் சிறிதாக்கி, இன்னும் சிறிதாக்கி,
சராசரிக்கு ஒன்று என்று வருமட்டும் சுருக்கினாலும்
ஒரு சரை வெறுமையாய் இருக்கும்,
இன்னொன்றில் இரண்டு, எப்போதாவது மூன்று.
நுண்ணலையும் அப்படித்தான்.
எவ்வளவு மெலிவித்தாலும் அது அள்ளியதுதான்.
எனக்கு வேண்டியது
கேட்டால் ஒன்று.
ஒன்றுக்குக் கூடாமல், வெறுங்கையும் விரிக்காமல்.

அதற்குத்தான் அந்த மீகடத்திச் சுற்று.
இரண்டு அலுமினியப் படலம்,
நடுவில் மயிரிழையைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய ஒட்சைட்டு.
கோத்தன்பேர்க்கில், பொன் பூசிய செப்புத் தட்டின் கீழ்
இருபது மில்லிகெல்வினில் தொங்குகிறது.
நான் இங்கே அறிவியல்நகர்ப் பின் ஒழுங்கையில்,
தகரத்துக்குக் கீழே முப்பத்தைந்து பாகையில்,
லீவிலும் மூடாத மடிக்கணினியோடு.

இந்த அறையின் வெக்கையில்,
அந்த ஓர் அதிர்வெண்ணில் மட்டும்,
ஆயிரத்துச் சொச்சம் போட்டன்கள் எந்நேரமும் நெரிபடும்.
இதற்குள் ஒன்றை விட்டால்
வற்றாப்பளைப் பொங்கலில் கைநழுவிய பிள்ளை.

ஒரு துடிப்பு அனுப்புவேன். சுற்று ஒரு படி ஏறும்.
பிறகு சும்மா இருக்கவேண்டும்.
தானாக இறங்கும். இறங்கும்போது கம்பிக்குள் ஒன்று போகும்.
இரண்டாவது கொடுக்க
அதன் மடியில் சில்லறை இல்லை.

தவரூபிக்கு மற்ற அறை. முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறாள்.
வெள்ளிப் பின்னேரம் வந்து
கிணற்றடியில் முழங்கால் மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு
திரையை எட்டிப் பார்த்தாள்.
"அலுமினியமோ? எங்களுக்கும் அதுதான்.
டெற்றனேற்றர் குப்பி, நக அளவு.
மிசின் கத்தினா அசையக்கூடாது.
பத்தில ஒன்பது சோடா மூடி."

பத்து லட்சம் தடவையின் சராசரியைக் காட்டினேன்.
தட்டையான கோடு.
"அப்ப ஒண்டும் வரேல்லை."
வந்தது. ஒற்றைப் போட்டனுக்கு அவத்தை இல்லை,
மேல் என்றும் சொல்லாது, கீழ் என்றும் சொல்லாது,
கூட்டினால் அழிந்துபோகும்.
வர்க்கித்துக் கூட்டு, எழுந்து நிற்கும்.
அவள் நம்பவில்லை. நானும் முதல் வருடம் நம்பவில்லை.

அதனால் மற்றப் படம்.
கம்பியை இரண்டாய்க் கிளைத்து, இரண்டு காது வைத்துக் கேட்பது.
வருவது ஒன்றானால்
ஒரு நேரத்தில் ஒரு காதுக்குத்தான்.
துடிப்புக்குத் துடிப்பு முகடுகள், பல்வரிசை மாதிரி.
நடுவில், சரியாகப் பூச்சியத்தில், பல்லைக் காணோம்.
அடிக்கட்டை கொஞ்சம் தெரியும், அது மிச்ச வெக்கை.
இந்த இல்லாமைதான் அத்தாட்சி என்றேன்.

தவரூபி ஈரத் துவாயைத் தோளில் மாற்றிப் போட்டாள்.
"அண்ணாவுக்கு அந்த ஒப்பீசில நான் குடுத்ததும்
இதுதான்," என்றாள்.
"ஓரிடத்தில ஆளில்லை எண்டு.
அத்தாட்சி கொண்டுவரட்டாம்."

என்னிடம் பதில் இருந்ததுபோல வாய் திறந்தது.
அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
இணையப் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்து
மின்விசிறி மூன்று சுற்றில் நின்றது.

அங்கே அந்தக் குளிருக்கு இது தெரியாது.
கேட்பார் இல்லாமலும்
ஒன்று, பிறகு ஒன்று, அனுப்பிக்கொண்டிருக்கும்.
தோட்டத்துப் பாலைமரத்தில் ஒரு மயில் இடம் மாறி உட்கார்ந்தது.

இருட்டில் மேசையைத் தடவினேன்.
சரையின் அடியில் ஒரு கச்சான் மிச்சம்.
ஒன்றுதான், என்று அவள் கையில் வைத்தேன்.
உடைத்தாள்.
"ரெண்டு பருப்படி," என்று சிரித்து
ஒன்றைத் திருப்பித் தந்தாள்.